அறுபத்தொரு டிகிரி

என் தம்பி தவசீலன் நிபோங் திபாலில்
செம்பனை ஆலையின் நீராவிக் கலனுக்குப் பொறுப்பு.
குலை குலையாய் வந்து இறங்கும் பழத்தை
நூற்று முப்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவைப்பான்.
அந்தப் பழத்துக்குள் ஒரு நொதி இருக்கிறது.
தோலில் காயம் பட்டால் போதும்,
எண்ணெயை அறுத்து அமிலமாக்கத் தொடங்கிவிடும்.
அதைக் கொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், குளுகோரில்,
அதே நொதியை ஐஸ் வாளியில் வைத்து
உயிரோடு காப்பதற்கு எனக்கு உபகாரச் சம்பளம்.
அதுவும் இந்த டிசம்பரோடு சரி.

கொல்வது என்று சொல்லாதே என்பாள் சியூ ஹூன்,
உயிரே இல்லாததை எப்படிக் கொல்வது?
சரி. வெந்த பிறகும் சங்கிலி அறுவதில்லை.
முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலமும்
வரிசை மாறாமல்தான் நிற்கும்.
போவது மடிப்பு.
சேலை முழுதும் உடம்பிலேயே இருக்க
கொசுவம் மட்டும் அவிழ்ந்தாற்போல,
நடுத்தெருவில்.

மடிப்பைப் பிடித்திருப்பது ஹைட்ரஜன்.
தன் எலக்ட்ரானை நைட்ரஜன் இழுத்து வைத்துக்கொள்ள
பாதி வெறுங்கையாய் நிற்பது,
நாலு வீடு தள்ளி ஓர் ஆக்சிஜனைப் பார்த்துச் சாய்கிறது.
கட்டிப்பிடிப்பதெல்லாம் கிடையாது. சாய்வுதான்.
தண்ணீருக்குள் அப்படி ஒரு சாய்வின் ஆயுள்
கண்ணிமைப்பில் பல்லாயிரம் கோடியில் ஒரு பங்கு.
விடும். பிடிக்கும். விடும்.
தனியாய் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.
நூற்றுக்கணக்கில் சாய்ந்தால் ஒரு பள்ளம் விழும்,
வேலை நடப்பது அந்தப் பள்ளத்தில்.

போன மாதம் ஒன்றே ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்திரண்டாம் இடத்தில்
திரியோனினை நீக்கி வாலினை வைத்தேன்.
அதே உயரம், அதே தோள், ஒரு கை மட்டும் இல்லை.
அறுபத்தொரு டிகிரி வரை தாங்கியது
ஐம்பத்துமூன்றிலேயே குலைந்தது,
குழாயின் அடியில் வெள்ளை வெள்ளையாய்,
கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டையின் ஓரம் மாதிரி.
நல்ல முடிவு என்றார் டாக்டர் அஸ்லினா.
இன்னும் இரண்டு முறை செய்து பார்க்கச் சொன்னார்.

அந்த வாரம்தான் அப்பாவின் வீட்டை விற்பது பற்றி
நானும் தவசீலனும் போனில் கத்திக்கொண்டோம்.
அதற்கு முன்னால் மட்டும்
எங்களுக்குள் பெரிதாய் என்ன இருந்தது?
தினம் காலை ஏழேகாலுக்கு அவன் அனுப்பும்
'பசியாறிட்டியா'.
பாதி நாள் நான் பதில்கூடப் போட்டதில்லை.

ஒன்பது நாள் அது வரவில்லை.

பத்தாம் நாள் ராத்திரி கட்டடத்தில் மின்சாரம் போனது.
குளிர்பெட்டியிலிருந்த குழாய்களை அள்ளி
ஐஸ் வாளியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு
மாடிப்படியில் உட்கார்ந்தேன்.
தூரத்தில் பாலத்து விளக்குகள் மட்டும் எரிந்தன.
மணி பதினொன்றேகால்.
நானே அனுப்பினேன்:
பசியாறிட்டியா?

நீலக் கோடு இரண்டும் உடனே விழுந்தன.
எழுதினான், நிறுத்தினான், எழுதினான்.
'ஷிப்ட்ல இருக்கேன். உன் ஆளுங்க
இன்னிக்கு நாப்பது டன் வெந்தாங்க.'

வீட்டைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
வாளிக்குள் ஐஸ் சரிந்து ஒரு சத்தம்.
அதுவும் இதே பிணைப்புதான்,
விட்டுக்கொண்டிருந்தது.
குழாய்களை இன்னும் கொஞ்சம் ஆழமாய் அழுத்தினேன்.