எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே

என் கூரைதான் அவருடைய தரை.
ரீகாவின் கிழக்கே ஒன்பது மாடிக் கான்கிரீட் பலகைக் கட்டடம்,
ஒருவர் தும்மினால் மூன்று வீடு நலம் விசாரிக்கும்.
நான் ட்ராலிபஸ் ஓட்டுகிறேன். நாலு மணிக்கு எழ வேண்டும்.
மேல்வீட்டுத் தாலிவால்டிஸ், செயற்கைப் பல் செய்கிறவர்,
செப்டம்பரில் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கினார்.
இரண்டு பேர் மூச்சிரைக்கத் தூக்கிப் போனபோது
கீழ்க்கதவைப் பிடித்து வழிவிட்டவள் நான்.
சொந்தச் செலவில் சூனியம்.

அதன்பின் இரவுகளில்
பாட்டு வராது, பாட்டின் அடி மட்டும் இறங்கும்.
சொல்லை, குழலை, வயலினைக் கான்கிரீட் வடிகட்டிவிடும்.
தும். தும்.
நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ மேசை நகர்த்துவதுபோல்.

நவம்பரில் ஒருநாள்
ரேடியேட்டர் குழாயைக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன்.
நிற்கவில்லை.
சண்டைக்கென்றே தலை வாரிக்கொண்டு மேலே போனேன்.

கதவு திறந்திருந்தது.
சோபாவில், விருந்தாளி உட்காரும் இடத்தில், அந்தப் பெட்டி.
தரையில், முழங்கையும் முழங்காலுமாக,
ஐம்பத்தெட்டு வயது மனிதர் சுவரோரம் ஊர்ந்துகொண்டிருந்தார்,
தொலைந்த காதணியைத் தேடுகிறவர்போல்.

"காது இருக்க வேண்டிய இடத்தில் பெட்டியை வை,
பெட்டி இருக்க வேண்டிய இடத்தைக் காதால் தேடு.
அதுதான் முறை, விஸ்மா" என்றார் எழுந்துகொள்ளாமலே.
திட்ட வந்த வாய்
"கிடைத்ததா?" என்று கேட்டது.

பிறகு ஒரு திருகைக் காட்டினார்.
இந்த எண்ணுக்கு மேலே சின்ன ஸ்பீக்கர்கள், கீழே இது.
நூற்றிருபதில் வைத்தார்:
பாடகனின் தொண்டை மூலைக்குப் போய் ஒளிந்துகொண்டு பேசியது.
ஐம்பதில் வைத்தார்:
சின்னவற்றுக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெரியவில்லை,
பெட்டியோ அதற்கு மேல் ஏறமாட்டேன் என்றது.
நடுவில் செல்லோவின் இரண்டு சுரங்கள்
இல்லாத படியில் கால் வைத்தன.
எண்பதில்
யார் விட்டது, யார் பிடித்தது, தெரியவில்லை.
"வெட்டு இல்லை, சரிவு. இவை தேயத் தேய அது வளரும்."
டிப்போ முனையில் ஆள் மாறுவதை நினைத்துக்கொண்டேன்,
ஒருவர் விட்ட இருக்கையின் சூடு ஆறுமுன்
இன்னொருவர் உட்கார்ந்து கண்ணாடியைத் திருத்துவதை.

பின்புறம் ஒரு சின்ன விசை. பூஜ்யம், நூற்றெண்பது.
தப்பான பக்கம் தள்ளிக் காட்டினார்.
இரண்டும் முழுமூச்சாய்ப் பாட
சோபாவில் கார்வை காணாமல் போனது.
ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறதாம்.
என் திருமணத்தைப் பற்றி
அவருக்கு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

அன்றுதான் பாட்டை முழுசாகக் கேட்டேன்.
எனக்குப் பழகிப்போன அந்தத் தும் தும்மின் மேல்
ஒரு பெண்குரல் இத்தனை நாள் நடந்துகொண்டிருந்திருக்கிறது.
காலடியோசையால் மட்டும் அறிந்த ஆள்
சட்டென்று திரும்பி முகம் காட்டியதுபோல்,
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நல்ல இடமும் கிடைத்துவிட்டது:
புத்தக அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே.
படியிறங்கி வந்து அண்ணாந்து பார்த்தேன்.
என் தலையணைக்கு நேர் மேலே.

போனில் சொன்னேன்.
உடனே நகர்த்திவிடுகிறேன் என்றார்.
அவர் குரலிலும் ஏதோ எண்பதுக்குக் கீழே இறங்கியது.
"வேண்டாம். ஒன்பதரை வரை பாடட்டும்.
இப்போது மட்டும் நிறுத்தாமல் போடுங்கள்."

விளக்கை அணைத்துவிட்டு என் அறையில்
முழங்கையும் முழங்காலுமாக ஊர்ந்தேன்,
அவர் தேடியதற்கு நேரெதிரானதைத் தேடி.
கதவோரம் முழக்கம்.
பீரோவடியில் முழக்கம், கூடவே ஒரு பழைய டிக்கெட்.
வடக்குச் சுவரிலிருந்து மூன்றரை அடியில்
அலையும் சுவரில் பட்டுத் திரும்பிய அலையும்
ஒன்றையொன்று தின்று தீர்த்த ஓர் இடம்,
ஒரு கட்டில் அகலம்.
கட்டிலை அங்கே இழுத்துப் போட்டேன்.

அங்கே படுத்தால் எதுவும் கேட்பதில்லை.
எட்டரைக்கே தூங்கிவிடலாம்.
சில இரவுகளில் தலையணையை மட்டும்
இரண்டு சாண் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.