திரும்பிய நேரம்

முப்பத்திரண்டு மணி நேரக் கப்பல்,
சாய்வு நாற்காலியிலேயே தூக்கம்,
பிறகு புவெர்த்தோ வில்லியம்ஸ்.
எங்கள் அண்டோஃபகாஸ்டாவில் தூறல் விழுந்தாலே செய்தி.
நான் பார்த்த பனியெல்லாம்
பல் மருத்துவமனையின் குளிர்பெட்டியில்
ஊசிமருந்துக் குப்பிகளுக்குப் பின்னால் படிந்ததுதான்.

இந்தத் தீவின் மலைகளுக்குப் பற்கள் என்று பெயர்.
"பதினோரு வருடம் பார்த்தது போதாதா,
விடுமுறைக்கும் பல்லா?" என்று டாக்டர் சிரித்தார்.
ஆமாம் டாக்டர்.
இவை வலிக்கிறது என்று சொல்லாது.

ஜூலை மாதம்.
மூன்று கடைகளில் ஒன்று திறந்திருக்கிறது.
ஒன்பதரை மணிக்கும் விடியவில்லை.
எல்சீரா விறகடுப்பின் மேல் என் காலுறைகளை
ரொட்டியைப் போலத் திருப்பித் திருப்பிப் போட்டாள்.
"கொடி மலைக்கா? காவல் நிலையத்தில் எழுதிவிட்டுப் போ.
நாய்க்கு ஒன்றும் கொடுக்காதே.
கொடுக்காவிட்டாலும் வரும்."

பதிவேட்டில் ஐந்து கட்டம்:
பெயர், வழி, புறப்பட்ட நேரம்,
திரும்பும் நேரம், திரும்பிய நேரம்.
என் பெயருக்கு மேல் வரியில்
எஃப்ரைன் ஒசோரியோ, கொடி மலை.
பன்னிரண்டு நாள் ஆகிறது.
கடைசிக் கட்டம் வெறுமை.
கேட்க வாயெடுத்தேன். காவலர் தொலைபேசியில் இருந்தார்;
யாருடைய குதிரையோ விமானத் தளத்தில் நிற்கிறதாம்,
இறங்க வேண்டிய விமானம் மேலே சுற்றுகிறதாம்.

காட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றது.
லெங்கா மரங்களில் பாசி தாடியாய்த் தொங்கியது.
நீர்நாய் கடித்து வீழ்த்திய அடிமரங்கள்
பென்சில் சீவியதுபோல் கூராக நின்றன.
நாய் வந்தது, அவள் சொன்னபடியே.

பிறகுதான் தடத்தைப் பார்த்தேன்.
பழைய பூட்ஸ் தடம், உறைந்து கண்ணாடியாகியிருந்தது.
ஏறும் தடம்.
இறங்கும் தடம் இல்லை.

என் கால் இரண்டு மடங்கு கொள்ளும் அளவு.
அதற்கேற்ற ஆளை மனம் தானாகவே செய்தது:
அகன்ற தாடை, புகையிலைக் கறை,
கடைவாயில் ஒரு தங்கம்.
ஒருவரை யாரென்று சொல்ல முடியாமல் போனால்
கடைசியில் எங்களிடம்தான் வருவார்கள்,
கோப்பைத் திறந்து எக்ஸ்ரேயைத் தேடுவோம்.
இரண்டு முறை செய்திருக்கிறேன்.

"எஃப்ரைன்!" என்று கூப்பிட்டேன்.
நாய் என்னைப் பார்த்தது.
மறுபடி கூப்பிட்டேன். ஒரு கிளை
தன் பனியை உதறிக்கொண்டது.

மரங்கள் முடியும் இடத்தில் காற்று பிடித்துத் தள்ளியது.
தடமும் அங்கே முடிந்தது,
காற்று வழித்துத் துடைத்துவிட்டிருந்தது.
மேலே கம்பத்தில் கொடி.
நாடு தெரியவில்லை, கிழிசல் தெரிந்தது.
இன்னும் இருநூறு மீட்டர் இருக்கும்.
இரண்டு நாற்பது. கீழே கால்வாய்
ஈயத் தகடாக நிறம் மாறத் தொடங்கியிருந்தது.
திரும்பினேன்.
வெட்கமாகத்தான் இருந்தது,
பார்த்தது நாய் ஒன்றுதான் என்றாலும்.

நாலு ஐம்பது. காவல் நிலையத்தில்
விரல் பேனாவைப் பிடிக்க மறுத்தது.
"இவர்... இந்த மேல் வரிக்காரர்...
யாராவது தேடினீர்களா?"
காவலர் எட்டிப் பார்த்தார். தொப்பி நழுவச் சிரித்தார்.
"காலையில் நீ தின்ற ரொட்டி யார் சுட்டதாம்?
போகும்போது எழுதுவான்.
வரும்போது மறுபக்கமாக இறங்கி நேரே வீட்டுக்கு.
பத்து வருடமாக மலையில்தான் இருக்கிறான்,
இந்தப் பதிவேட்டின் கணக்குப்படி."

ரொட்டிக் கடை வாசலில் நாய் என்னை விட்டுவிட்டது,
அதற்கு அங்கே வேறு வேலை இருந்தது.
உள்ளே என் தோளுயரமே உள்ள ஒரு மனிதர்,
முழங்கை வரை மாவு.
மூலையில் அந்தப் பெரிய பூட்ஸ், இரவல் போல.
இரண்டு ரொட்டி கேட்டேன்.
மலையில் அவர் பெயரை இருமுறை கத்தினேன் என்று
சொல்லவில்லை.

சில்லறையை எண்ணித் தந்தபோது சிரித்தார்.
தங்கம் இல்லை.
மேல் வரிசையில், இடப்பக்கம்,
ஒரு கட்டம் வெறுமை.