ஏசித் தண்ணீர்

கடியத்திலிருந்து வந்த லாரி.
டேக்கில் பணமில்லை.
சட்டைப் பையெல்லாம் துழாவி
நாற்பது ரூபாய் குறைந்து போன சூரிபாபு
விளிம்புடைந்த தொட்டி ஒன்றை
மூன்றாம் தடத்து ஜன்னலில் வைத்து
"மொக்கா" என்றான்.

அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கம்
வேறு அர்த்தம்.
சிரித்துவிட்டேன்.

வெயில் வத்து, நீள்ளு கொஞ்செம் என்று
பாதித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.
பின்னால் நின்ற திருப்பதி பஸ் ஹாரனை எடுக்கவேயில்லை.
குறைந்த நாற்பதை நான் போட்டு
கட்டையைத் தூக்கினேன்.
செடியின் பேரைக் கேட்க விட்டுப்போயிற்று.

மேலே
பச்சைமேல் பச்சையாய்க் கோடுகள்,
ஈரம் காயுமுன் விரலால் இழுத்த மாதிரி.
திருப்பினால்
கத்தரிக்காய்த் தோல்.

ஆரம்பாக்கத்தில் எங்கள் அறைக்கு
சிமெண்ட் ஷீட் கூரை.
ஜன்னல் ஒன்று, கட்டில் ஒன்று.
ஹெப்சிபா பகல், நான் ராத்திரி.
ஆறுக்கு ஆறு.
கல்லாவை எண்ணி ஒப்படைக்கும்போது
சாவியும் கைமாறும்.
அவள் தலை அழுத்திய பள்ளத்தில்
என் தலையை வைத்து
எட்டு மாதமாய்த் தூங்குகிறேன்.

ஒரே வாரத்தில் இலையோரம்
அப்பளம் கருகினாற்போல் ஆனது.
போர்த் தண்ணீர்தான்.
ஏரி பக்கம் என்பதால்
குடத்தின் அடியில்கூட வெள்ளைப் பொருக்கு.
சாவடி ஏசியின் குழாய்க்கடியில்
பாட்டிலை வைத்தேன்.
ராத்திரி முழுக்கச் சொட்டினால்
முக்கால் லிட்டர்.
லாரிக்காரர்கள் குடிக்கவா என்று கேட்டார்கள்.

காலண்டர் தாளின் பின்பக்கம்
ஹெப்சிபா எழுதி ஒட்டியிருந்தாள்:
"உன் செடி விறைச்சிப்போய் நிக்குது.
சாகப் போகுதுன்னு நெனக்கிறேன்."
நான் பார்த்தேன்.
தாம்பாளம் மாதிரி மலர்ந்து கிடந்தது.
ஆந்திரச் செடி, நடிக்கிறது என்று
கீழே எழுதினேன்.
மறுநாள் அதற்கும் கீழே:
"நேத்தும் கைகூப்பிக்கிட்டுதான் நின்னுச்சு."

பிறகு ஓர் இலை மஞ்சளானது.
இன்னொன்று.
மண்ணிலிருந்து கடுகளவு கொசுக்கள்.
மூடிவைத்த துணி போல ஒரு வாடை.

ஐந்நூறு ரூபாய்க் கட்டை எண்ணும்போது கேட்டேன்:
"நீ அதுக்குத் தண்ணி ஊத்துறியா?"
"தினம் ராத்திரி. ஏன், நீ?"
"தினம் காலையில."

எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
முதலிலிருந்து எண்ணினோம்.

அதற்குப்பின் ஒரு சட்டம்.
விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடு.
ஒட்டினால் ஊற்றாதே.
ஊற்றியவள் பாட்டில் மூடியைக் கவிழ்த்து வை.
வேரில் அழுகியதை அவள் கத்தரித்தாள்,
ஆற்றுமணல் நான் கொண்டுவந்தேன்.
மூடி நாலைந்து நாள் நிமிர்ந்தே கிடக்கும்.
சும்மா இருப்பது
இருவருக்குமே கஷ்டமாக இருந்தது.

ஐப்பசியில் புயலுக்குச் சாலையை அடைத்தார்கள்.
முதன்முறையாக
மாலை ஆறு மணிக்கு
அறையில் இரண்டு பேர்.
கரண்ட் இல்லை.
ஒருத்தி கட்டிலில், ஒருத்தி தரையில்.
முதலில் காதில்தான் விழுந்தது,
பட்டுச்சேலை நகர்வது போல.
அசைவது கண்ணுக்குத் தெரியவில்லை.
மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்
ஓர் இலை எழுந்திருக்கும்.
இன்னொரு முறை திரும்பினால்
மூன்று.
கத்தரிக்காய் நிறம் முழுக்க வெளியே வந்து
நின்றுவிட்டது.

நாங்கள் கல்லா மாற்றும் நேரத்தில்தான்
இத்தனை நாளும்
அதுவும் ஷிப்ட் மாறியிருக்கிறது.

"இதத்தான் சாகுதுன்னு எழுதினேன்" என்றாள்.
"விரிஞ்சா எப்படி இருக்கும்?"
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
இருட்டில் அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

விடியும்போது
கூரை விளிம்பில் கயிறு கயிறாய் மழை.
துளி உப்பில்லாத தண்ணீர்.
ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு
வெளியே ஓடினோம்.

மூடி கவிழ்ந்தே இருந்ததை
நனைந்த பிறகுதான் பார்த்தோம்.