நாயாற்று வாயில், வியாழக்கிழமை

முதலில் எஞ்சினை நிப்பாட்டினேன்.
"குடுங்கோ அக்கா, இன்னும் குடுங்கோ, ஏறிப் பாயும்"
என்று கத்தினான் றெஜினோல்ட்.
ஏறித்தானே நிக்குது என்றேன்.
காத்தாடி மண்ணைக் கடைந்து
பின்னால் தண்ணீரெல்லாம் மோராகிக் கிடந்தது.

எஞ்சினைச் சரித்துத் தூக்கினோம்.
தகட்டில் யாரோ அறுத்துவிட்ட தங்கூசி.
நாயாற்று வாய் போன மாரியில் ஓரிடத்தில் திறந்தது,
இந்த மாரியில் இன்னோரிடத்தில்.
நேற்றுப் போன வழியில்
இன்று மண் படுத்திருக்கிறது
எழும்ப மனமில்லாத மாடுபோல.

பிறகுதான் காலில் குளிர் தட்டியது.
பலகையைக் கிளப்பினால்
அடியில் ஒரு சாண் வெடிப்பு.
சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது கடல்.

"இறங்கித் தள்ளுவம்" என்றான்.
தள்ளாதை.
திட்டு எங்களைப் பிடித்திருக்கிறது.
பிடித்திருக்கும்வரை தாழமாட்டோம்.
இந்த வெடிப்போடு ஆழத்துக்குப் போனால்
பேசுவதற்கு நேரமிருக்காது.

சோப்புக்கட்டி இருந்தால் அப்பலாம். இல்லை.
போன கிழமை கை கழுவ எடுத்துக்கொண்டு போனவன்
இப்போது வானத்தைப் பார்த்தான்.
அவன் தலைத்துண்டைத் திணித்தோம், ஊறி வழிந்தது.
என் பைக்குள் சோற்றுப்பெட்டி, போன்,
பொலித்தீனில் சுற்றின கடன் புத்தகம்.

வியாழக்கிழமை.
ஒன்பது மணிக்கு வாடியடிக்கு வரும்
சிந்துஜனின் மோட்டார் சைக்கிள்.
குழுவில் ஐந்து பெண்கள்,
ஒருத்தி கட்டாவிட்டால் நாலு பேர் தலையில்.
நூற்றுநாலு கிழமை.
அறுபத்தொரு கையெழுத்து முடிந்திருந்தது.

பொலித்தீனை உரித்தேன்.
இரண்டாய் மடித்து வெடிப்பில் வைத்து
நங்கூரக் காதால் அறைந்தேன்.
தாள் ஊதும். எனக்குத் தெரியும்.
வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருஷம்
மகளின் கொப்பிகள் தட்டிலேயே ஊதி இறுகி
ஒன்றையும் இழுத்தெடுக்க முடியவில்லை.

பிறகு வெட்டின கானால் இறைத்தோம், மாறி மாறி.
அவன் நூறு, நான் நூறு.
அவன் எழுபதிலிருந்து எண்பதுக்குப் பாய்வான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெருக்கு மெல்ல வந்தது,
ஒரு விரல், பிறகு நாலு விரல்.
ஐஸ் பெட்டி, வலை, எண்ணெய்க் கான்
எல்லாம் கடையாலுக்கு மாற்றினோம்.
நங்கூரத்தை அவன் தோளில் சுமந்து
கழுத்தளவு போய் இட்டுவிட்டு வந்தான்.
கயிற்றை இருவரும் பிடித்தோம்.
மண் விட்ட கணம்
கைக்கு முன்னம் வயிற்றுக்குத் தெரிந்தது.

சிந்துஜன் கரையில் புத்தகம் கேட்டான்.
போட்டைக் காட்டினேன்.
எட்டிப் பார்த்தான்.
ஓரமெல்லாம் நீல மை கரைந்து
அவனுடைய அறுபத்தொரு கையெழுத்தும்
தண்ணீரைத் தடுத்துக்கொண்டு நின்றன.

"இழுத்தெடுங்கோ தம்பி" என்றேன்,
"ஆனா முதல் போட்டைக் கரையில ஏத்தவேணும்."

கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு சப்பாத்தைக் கழற்றி,
காலுறை இரண்டையும் ஒழுங்காய் மடித்து
அதற்குள் வைத்தான்.