ஒருவருக்கு ஐந்து கிலோ

செவ்வாய்க்கிழமை எட்டரைக்குக் கதவு திறப்போம்.
எட்டுக்கே வண்டி நிறுத்துமிடத்தில்
சூபென் அண்ணன் நிற்கிறார்.
மனைவி ரொமிளா தூணோரம்,
மகன் தானியங்கி பணப்பெட்டியருகே,
பக்கத்துத் தட்டில் மிளகாய் விற்கும் மர்தே
செடி பார்ப்பவன்போல ஒரு மூலையில்.
நாலு பேருக்கும் நாலு பேரையும் தெரியாது.

தள்ளுபடிக்கு இது மூன்றாவது வாரம்.
வெங்காயம் கிலோ இருபத்தொன்று தொண்ணூறு.
அந்த விலைக்குத் தர
இந்தத் தீவில் மண் கிடையாது.
பெல் மார் மணலில் விதைக்கும் சின்னாப்பென்
முப்பத்தைந்து கேட்கிறான்,
அதிலும் தன் கூலி சேரவில்லை என்று
கேட்காதவர்களிடமும் சொல்கிறான்.

எங்கள் கடை பிரான்சிலிருந்து வந்தது.
'எங்கள்' என்று சொல்ல
மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
லோகேஸ்வரி பெயர்ப்பட்டையில் கொள்ளவில்லை.
லோகா ஆனேன்.
எட்டாம் எண் கல்லா.
தலைக்கு மேலே தொங்குகிறது பலகை:
ஒருவருக்கு ஐந்து கிலோ மட்டும்.

ரொமிளா, ஐந்து கிலோ. பீப்.
மகன், ஐந்து கிலோவும் ஒரு சோடாவும். பீப், பீப்.
மர்தே "போன்ஜூர்" என்கிறான்
முன்பின் அறியாதவன் குரலில்.
அவன் கல்யாணத்தில் ஏழு கறியும்
இலை இலையாய்ப் பரிமாறியவள் நான்.

கடைசியாக அண்ணன்.
முகம் பார்க்கவில்லை, எடைக்காட்டியையே பார்க்கிறார்,
பழக்கம்.
புள்ளி அட்டை இருக்கிறதா என்று நான் கேட்டாக வேண்டும்.
இருக்கிறது.
பத்துப் புள்ளி ஏறியது.
ஐநூறு சேர்ந்தால் ஒரு வாணலி.

அரைமணி கழித்து அதே நாலு பேர்.
மகன் இப்போது தொப்பி போட்டிருக்கிறான்.
மேற்பார்வை பார்க்கும் ஜிஸ்லேன் அவர்களைப் பார்க்கிறாள்,
பிறகு என்னைப் பார்க்கிறாள்.
நான் திரையைப் பார்க்கிறேன்.
அது எடை கேட்கிறது, விலை கேட்கிறது.
முகம் கேட்கவில்லை.

புதன் எனக்கு விடுமுறை, ஃபிளாக்கில் சந்தை.
பச்சைத் தார்ப்பாய்க்குக் கீழே
நேற்று என் கையைக் கடந்து போன வெங்காயம்
வலைப்பை கிழிந்து தட்டில் குவிந்திருக்கிறது.
மேலே லேசாகத் தூவிய மணல்.
அட்டையில் கரிக்கட்டையால்: பெல் மார். முப்பது ரூபாய்.

"மணல் ஏது அண்ணே?"
"கடற்கரையில அள்ளினேன்.
அதாவது உள்ளூராய் இருக்கட்டும்."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அப்புறம் இருவருக்கும்
அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை.

அப்போதுதான் சின்னாப்பென் வந்தான்.
குனிந்து ஒன்றை எடுத்தான்.
உருட்டினான், வாலைத் திருகினான்,
கட்டைவிரலால் தோலை நீக்கி முகர்ந்தான்.
குளிர்கிடங்கில் கிடந்த நாட்களை
அவன் விரலிடம் மறைக்க முடியாது.
அண்ணன் தராசுத் தட்டைத் துடைத்தார்,
ஏற்கனவே துடைத்த தட்டை.

"நல்லா விளைஞ்சிருக்கு" என்றான் சின்னாப்பென்.
யார் வயல் என்று கேட்கவில்லை.
எடுத்த இடத்திலேயே வைத்தான்,
குவியல் சரியாதபடி.

நான் இரண்டு கிலோ வாங்கினேன்.
அறுபது ரூபாய்.
நேற்று இதே இரண்டு கிலோவை
நாற்பத்து மூன்று எண்பதுக்கு
நானே தள்ளிவிட்டேன்.
வித்தியாசம் எவ்வளவு என்று
என் மூளை தானாகவே சொன்னது.
பேசாமலிரு என்றேன் அதனிடம்.

பேருந்து நிறுத்தம் வரை சின்னாப்பென் கூட வந்தான்.
கொட்டகையில் அவனுடையது முளைவிடத் தொடங்கிவிட்டதாம்.
அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தான்.
"உங்க கடைக் கிடங்குல ஆள் எடுக்கறாங்களாமே?"

எடுக்கிறார்கள் என்றேன்.
மூன்று நாள் பயிற்சி.

இரவு வெங்காயத்தைக் கழுவினேன்.
தண்ணீர் போன பிறகும்
தொட்டியின் அடியில் மணல்,
ஒரு சிட்டிகை இருக்கும்.