ஆளுக்கொரு படிவம்

லஜ்பத் நகரில் ஒரு பேஸ்மெண்ட்.
கூரையில் கட்டிய துணி ஊஞ்சலில்
செம்பியன் தலைகீழாய்க் கிடக்கிறான்.
எங்களுக்கு ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு பென்சில்.
பேசிவைத்துக்கொண்டு எழுதக் கூடாது என்கிறாள் ஹர்லீன்,
பரீட்சை ஹால் டீச்சர் மாதிரி.

எண்பத்தாறு கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஐந்தே கட்டங்கள்:
எப்போதும். அடிக்கடி. சில நேரம். அபூர்வமாக. இல்லவே இல்லை.

எதிர்பாராத சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறானா?
எது எதிர்பாராத சத்தம், ஹர்லீன்?
குக்கரின் முதல் விசிலுக்குக் கட்டிலடியில் ஓடுகிறான்,
மூன்றாவதுக்கு அடுப்படி வாசலில் நின்று எண்ணுகிறான்.
மாடிவீட்டு மிக்ஸிக்கு அழுகிறவன்
யமுனைப் பாலம் அதிரப் போகும் ரயிலுக்குச்
சிரிக்கிறான்.
'அடிக்கடி'யில் பென்சிலை வைத்தேன்,
எடுத்தேன்,
மறுபடி வைத்தேன்.

சில துணிகளைத் தொட மறுக்கிறானா?
இதற்கு யோசனையே வேண்டாம்.
டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஸ்வெட்டர் யுத்தம்.
மெரூன் கம்பளி, கழுத்தில் லேபிள்.
லேபிளை வெட்டினேன், வெட்டின இடம் குத்துது என்றான்.
தையலைப் பிரித்தேன், பிரித்த நூல் கத்துது என்றான்.
கத்துது. அதுதான் அவன் சொன்ன சொல்.
பிடிவாதக்காரன் என்று டைரியில் எழுதி அனுப்பினார் மிஸ்.
நானும் அடித்திருக்கிறேன், ஒரே ஒரு தரம்,
ஐந்து டிகிரிக் காலையில்,
பனிமூட்டத்துக்குள்ளிருந்து வேன்காரன் ஹாரன் அடிக்க அடிக்க,
கம்பளிக்குள் நுழைய மாட்டேன் என்ற
அந்தச் சின்னக் கையில்.
அதை எழுத இதில் கட்டம் இல்லை.
கேட்டிருந்தால் எழுதியிருப்பேனா,
அதுவும் தெரியவில்லை.

ராத்திரி வேறு பிள்ளை.
ஒரு ரஜாய் போதாது, இரண்டு.
இரண்டும் போதாது, மேலே அப்பா.
அமுக்கு, இன்னும் அமுக்கு என்பான்.
நாலு கிலோ பஞ்சும் எழுபத்தெட்டு கிலோ பூவராகனும் அழுத்த
ஒரு பெருமூச்சு விட்டு
நீரில் விட்ட கல்லைப் போல் தூக்கத்துக்குள் போவான்.

ஹர்லீன் இரண்டு படிவத்தையும் அருகருகே வைத்தாள்.
முப்பத்தோரு இடத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை.
கல்யாணத்துக்கே ரிசல்ட் வந்த மாதிரி இருந்தது.
"இவர் எங்கே பார்த்தார்" என்று நான் ஆரம்பிக்க,
"இவளுக்கு எல்லாமே எப்போதும்தான்" என்று அவர் முடிக்க,
அவள் இரண்டையும் கூட்டவில்லை, இரண்டால் வகுக்கவுமில்லை.
நீங்கள் எந்த நேரம் அவனோடு?
காலை ஆறிலிருந்து எட்டு.
நீங்கள்?
ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம்.
தாளின் ஓரத்தில் ஒரு கடிகாரம் வரைந்தாள், அவ்வளவுதான்.
எங்கள் சண்டை அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசிக் கேள்வி: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?
நான் காலியாக விட்டிருந்தேன்.
அவர் தமிழில் எழுதியிருந்தார், விட்ட இடம் போதாமல்
ஓரத்தில் திருப்பித் திருப்பி.
ஹர்லீன் என்னிடம் நீட்டினாள், படித்துச் சொல்லுங்கள்.

'ஆபீஸ் விட்டு வந்ததும் என் சட்டைக் கையை முகர்வான்.
நீல லைன் மெட்ரோவா, பிங்க் லைனா, சொல்லிவிடுவான்.
தப்பினதில்லை.
ஒரு நாள் மட்டும் குழம்பினான்,
அன்று நான் ஆட்டோவில் வந்தேன்.'

எனக்குத் தெரியாததை என் ஓட்டை இந்தியில்
நானே மொழிபெயர்த்துச் சொன்னேன்.
அவர் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊஞ்சலிலிருந்து ஒரு குரல், தலைகீழாக:
"அம்மா, அந்த லைட்டைப் பேசாம இருக்கச் சொல்லு."
எந்த லைட்?
நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.
டியூப்லைட் வெள்ளையாய், சாதுவாய் எரிந்துகொண்டிருந்தது.
ஹர்லீன் எழுந்துபோய் அணைத்தாள்.

அப்போதுதான் எனக்குக் கேட்டது,
அது நின்றது.