எட்டு

பாகாயத்தில்
பாய்மேல் குப்புறக் கிடந்த தணிகை
இன்று தலையைத் தூக்கினான்.
பிசியோ அக்கா எண்ணினார்.
ஐந்துக்கு மேல்
எனக்குக் காது கேட்கவில்லை.
எட்டில் விழுந்தான்,
எச்சில் ஒழுக, சிரித்தபடி.

வீட்டுக்குப் போகவில்லை.
அந்த வெயிலில் பஸ் ஏறி ஆற்காடு.
அரைக் கிலோ மக்கன் பேடா.

"என்ன விசேஷம்?"
"பையனுக்குக் கழுத்து நின்னுடுச்சு."
"எத்தினி மாசம்?"
தோளில் தொங்குபவனை வைத்துக்கொண்டு
பொய் சொல்ல முடியுமா.
"இருபத்தாறு."

கடைக்காரர் தராசையே பார்த்தார்.
பிறகு,
"ஜீரா கூட ஊத்தட்டா?"

திரும்பும்போது, பாலாற்றுப் பாலத்தில்,
விரல்நுனி ஜீராவை
அவன் உதட்டில் தடவினேன்.
இரண்டாவது சொட்டுக்கு
தானே எழுந்தது தலை.

எத்தனை என்று எண்ணவில்லை.
கண்டக்டர் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.